எண் இல்லாத படம்

பிளக்கை இன்னும் சுவரில் செருகவே இல்லை. ஒயர் சுருட்டிக் கட்டியபடி மேசைக்குப் பின்னால் கிடந்தது. அப்படியிருந்தும் பிரிண்டரின் மூடிமேல் கை வைத்தபோது சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்று சொல்ல வழியில்லை; ஐப்பசி மழை மூன்று நாளாகக் காரைக்காலை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. செம்பியன் புறங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. சட்டென்று கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நல்ல மெசின் தம்பி. கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க," என்றார் தியாகராசன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்த வாடகை வீட்டில் மூன்று வருடமாக நடந்துவந்த நிவாரண அலுவலகத்தை மூடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். நாற்காலி, பீரோ, மின்விசிறி எல்லாம் ஏற்கெனவே விலை போய்விட்டன. மிச்சம் இந்த மேசையும் பிரிண்டரும்தான்.

கிளிஞ்சல்மேட்டுக்காரன் செம்பியன், அலை வந்துபோன பிறகு படகேறவில்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மாதம் தட்டுத்தடுமாறிப் படித்து, புதுக் குடியிருப்பின் முகப்பில் சின்னதாக ஒரு கடை பிடித்திருந்தான். பள்ளிக்கூட விண்ணப்பம், ஆபீசுக்கு மனு என்று எதற்கெடுத்தாலும் டவுனுக்கு ஓடும் சனம் இனி அவனிடம் வரும். புதுப் பிரிண்டர் வாங்க வக்கில்லை. பழையதாவது பார்ப்போம் என்று அவனை இழுத்துக்கொண்டு வந்தவளே மனைவி ஞானசௌந்தரிதான். ஆறு மாத வயிறு. கால் வீங்கியிருந்ததால் முன்னறையில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் பாதிக் கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்ததால் மாலை நாலரை மணி வெளிச்சம் பழுப்பாக உள்ளே வடிந்து, மேசையைத் தாண்டி நகராமல் நின்றது. ஊறிய சுண்ணாம்பு, எலிப்புழுக்கை, பிரிண்டர் மையின் கருகல் வாசம், இவை எல்லாவற்றுக்கும் அடியில் கடலுக்குள் நாள்கணக்காகக் கிடந்த வலையைக் கரையில் இழுத்துப் போட்டதும் எழுமே, அந்த வாடை. அந்த வாடை தெரியாத மூக்கா அவனுடையது? ஆனால் கடல் இங்கிருந்து எட்டத்தில் இருந்தது. இந்த வாடை மேசைமேலிருந்து வந்தது.

"இது எங்க ஓடுன மெசின் சார்?"

"இங்கதான் தம்பி. சுனாமி சமயத்துல ஒரு வாரம் மூச்சுவிட நேரமில்லாம ஓடுச்சு. ஆஸ்பத்திரில எடுத்த போட்டோவெல்லாம் இதுலதான் எடுத்து, நம்பர் போட்டு ஒட்டுனோம். அடையாளம் காட்டுறதுக்கு."

அந்தப் படங்களை அவனுக்குத் தெரியும். மதிலில் வரிசையாக ஒட்டிய கறுப்பு வெள்ளைத் தாள்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். இன்னாருடைய பிள்ளை என்று விரல் வைத்துச் சொன்னால் போதும், மொத்தமாகப் புதைத்த குழியில் எந்த இடத்தில் கிடத்தியிருக்கிறது என்று காட்டுவார்கள். ஐந்து வயது மகள் ஓவியாவை அவன் மூன்று நாள் தேடினான். நாலாம் நாள் நாற்பத்தொன்றாம் எண்ணில் விரலை வைத்தான். முகம் முகமாக இல்லை. பூப்போட்ட கவுன் ஒன்றுதான் ஒத்துப்போனது. ஆனால் காது தெரிந்தது. துளையில்லாத காது. ஓவியாவுக்கு அந்த ஆவணியில்தான் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திக் கம்மல் போட்டிருந்தார்கள். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தேதான் அவன், "இதுதான் சார்" என்றான்.

வேறென்ன செய்வான் பாவம்! புதைத்த இடம் இருந்தால்தானே பால் தெளிக்க முடியும். பால் தெளிக்க இடமில்லாமல் ஞானசௌந்தரி கரையே கதியென்று கிடந்தாள். இரண்டு முறை அவளை இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து இழுத்து வந்தார்கள். நாற்பத்தொன்றாம் இடத்தில் பாலை ஊற்றி, மண்ணைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்த அன்றுதான் அவள் ஒரு வாய்ச் சோறு தின்றாள். பிறகு, ஓவியாவோடு போதுமென்று செய்திருந்த கருத்தடையை மாற்றும் ஆபரேஷன், எத்தனையோ மருந்து, இப்போது வயிற்றில் ஓர் உயிர். உண்மை தெரிந்தால் மறுபடியும் தண்ணீரைப் பார்த்து நடந்துவிடுவாள், இந்த முறை இரண்டு உயிராக. அந்தப் பயம் மூன்று வருடமாக அவனோடு படுத்து அவனோடு எழுந்தது.

"வேணாம் சார். வேற பாத்துக்குறேன்."

"ஏங்க!" முன்னறையிலிருந்து ஞானசௌந்தரி குரல் கொடுத்தாள். "போட்டே பாக்காம வேணாங்குறீங்களே, நல்லாருக்கே கதை! ஒரு பக்கம் எடுத்துப் பாருங்க மொதல்ல."

தியாகராசன் சிரித்துக்கொண்டே பிளக்கைச் செருகினார். பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். உள்ளே உருளைகள் முனகிச் சுற்றின. சோதனைத் தாள் ஒன்று வந்தது. கோடுகள் நேராக, எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. ஒரு குறையும் சொல்ல முடியாது. செம்பியன் அதை மடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தாள் தானாக வந்தது. முழுக்கச் சாம்பல் நிறம். அடியில் மட்டும் வரிவரியாக, அலை வடிந்த மணல்போல. தாள் ஈரமாக இருந்தது.

"பழசு எதாச்சும் உள்ள தங்கியிருக்கும் தம்பி," என்றார் தியாகராசன். அப்போது மின்சாரம் போனது. "இதுவேற! தெருவுக்கே இல்லையா, இங்க மட்டுந்தானான்னு பாத்துட்டு வந்துர்றேன்." குடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார்.

மழைச் சத்தம் மட்டும். பிறகு, அதற்குள், உருளை சுற்றும் சத்தம்.

செம்பியன் சுவரைப் பார்த்தான். மின்சாரம் இல்லை. பிரிண்டரில் விளக்கெதுவும் எரியவில்லை. தாள் வந்தது. அதே மணல், அதே சாம்பல்; வெகு தொலைவில் ஒரு புள்ளி. அதை எடுத்துக் கசக்கிச் சட்டைக்குள் திணித்தான். தண்ணீர் வயிற்றில் வழிந்தது. அடுத்த தாள். புள்ளி நின்றுகொண்டிருந்தது. அடுத்தது. புள்ளிக்குக் கால் இருந்தது. கவுன் இருந்தது.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

உருளை நிற்கவில்லை.

"என்னாங்க, நல்லா வருதா?"

"வருது, வருது! நீ எழுந்திரிக்காத. உக்காரு."

தாள் வைக்கும் தட்டை இழுத்துப் பார்த்தான். உள்ளே ஒரு தாள்கூட இல்லை. ஈர மணல் ஒரு கைப்பிடி இருந்தது. வாய்ப்பக்கம் தாள் வந்துகொண்டேயிருந்தது. கவுனில் பூக்கள் தெரிந்தன. கழுத்து தெரிந்தது. ஒட்டிய முடி. காது. காதில் கம்மல்.

அவன் பின்னுக்கு நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டான். மதிலில் இருந்த படங்களில் பிள்ளைகள் எல்லாம் படுத்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. இது நிற்கிறது. இது பார்க்கிறது. கீழே எண் இல்லை. சாமி, எண் இல்லை! எவரும் எடுக்காத படம்.

"பாப்பா," என்றான், மெல்ல. "அப்பாவ மன்னிச்சிருடா. அம்மா இருக்கா. அம்மாவுக்குத் தெரிய வேணாம்டா."

அடுத்த தாள் பாதி வந்து நின்றது.

"யார்ட்ட பேசுறீங்க?"

ஞானசௌந்தரி வாசலில் நின்றாள். அவன் குறுக்கே வருவதற்குள் அவள் மேசைக்கு வந்துவிட்டாள். வாயில் நின்ற தாளைப் பிடித்து இழுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"ஓவியாங்க இது."

"சௌந்தரி, நான் சொல்றதக் கேளு..."

"கம்மல் போட்டுருக்கா. கம்மல அல அடிச்சிட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்களே." தாளைத் தடவினாள். "அப்ப அங்க படுத்துருக்குறது யாருங்க?"

மூன்று வருடமாக அந்தக் கேள்விக்காக எத்தனையோ பொய்யை உருப்போட்டு வைத்திருந்தான், ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. அவன் தலை தானாகக் குனிந்தது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"யார் பெத்த புள்ளைக்கோ பால ஊத்திட்டு இருந்துருக்கேன்," என்றாள் அவள், மெதுவாக. "எம்புள்ள நாக்கு வறண்டு நின்னுட்டு இருந்துருக்கு."

பிரிண்டருக்குள் ஏதோ தட்டியது. டொக். டொக். ஞானசௌந்தரி குனிந்தாள். வயிறு மேசை விளிம்பில் அழுந்த, மூடியின்மேல் காதை வைத்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிள்ளை போன பிறகு அவன் பார்க்காத சிரிப்பு.

"வாங்கிடலாங்க," என்றாள்.

"தொடாத! வா, போயிடலாம்! சௌந்தரி!"

அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பலம்! தாள் வரும் இடுக்கில் ஆள்காட்டி விரலை நுழைத்தாள், கைக்குழந்தையிடம் விரலைக் கொடுப்பதுபோல.

"புடிச்சிக்கிட்டாங்க," என்றாள். "விடமாட்டேங்குறா."

உருளை மெல்லச் சுற்றத் தொடங்கியது.

ஒரு தாள் மட்டுமே நுழையும் இடுக்கு அது. அதற்குள் அவள் விரல் போனது. உள்ளங்கை போனது. மணிக்கட்டு போனது. கண்ணாடி வளையல்கள் விளிம்பில் மோதி ஒவ்வொன்றாக நொறுங்கி விழுந்தன. ரத்தமில்லை. மேசை விளிம்பிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது. முழங்கை போனது. ஞானசௌந்தரி சிரித்துக்கொண்டேயிருந்தாள்.