முதுகில் ஓர் ஆக்டோபஸ்

"பொய்!" என்றாள் அம்மா.

"சத்தியமா இல்லம்மா!" என்றான் தவளை.

தவளைக்கு வயது ஏழு. தண்ணீரைக் கண்டால் வீடு வாசல் மறந்துபோகும் என்பதால் வந்த பட்டப்பெயர். நீச்சல் வகுப்பிலிருந்து திரும்பியவனின் தோள்கள் கன்றிச் சிவந்திருந்தன. கையைத் தூக்கினால் "ஆ!" இறக்கினால் "ஊ!"

"வெயில்ல சட்டையைக் கழட்டக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்?"

"கழட்டவே இல்லையே!"

"அப்புறம் எப்படிச் சுட்டுச்சு? சூரியன் சட்டைக்குள்ள புகுந்து வந்துச்சா? கழட்டலைங்கறதுக்குச் சாட்சி யாரு?"

அம்மா வக்கீல். கோர்ட்டில் கேட்டு மீந்த கேள்விகள் எல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும்.

நீச்சல் மாஸ்டருக்குப் போன் போனது. அவர் எடுக்கவில்லை.

"சரி. அடுத்த சனிக்கிழமை நீச்சல் கிடையாது. சுட்டதுக்காக இல்ல, பொய் சொன்னதுக்காக."

தவளையின் முகம் சுண்டிப்போனது. அந்தச் சனிக்கிழமைதான் குளத்தின் ஆழமான பக்கத்தில் அவனை முதல்முறையாக இறக்குவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார்.

கதவோரம் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த அக்கா குருவி, கடிப்பதை நிறுத்தினாள். பதினொரு வருட உலக அனுபவத்தில் அவளுக்கு ஒன்று தெரியும். தவளை பொய் சொன்னால் காது ஆடும். இப்போது ஆடவில்லை!

ஆனால் காதைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாதே?

"வாடா, ஈரத்துணி போட்டு விடறேன்" என்று அவனை அறைக்குள் அழைத்துப் போனாள். மெதுவாகச் சட்டையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அசையாத!"

"ஏங்க்கா? பூச்சியா?"

"ஆக்டோபஸ்."

"அய்யோ! தட்டி விடுக்கா!"

அவன் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள்.

"அம்மா, எங்க தரப்புச் சாட்சி வந்தாச்சு. பாரு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சிவந்த முதுகின் நடுவே ஓர் இடம் மட்டும் சிவக்கவே இல்லை. உருண்டைத் தலை. கீழே நெளியும் எட்டுக் கால்கள்!

குருவி வாளியிலிருந்து தவளையின் நீச்சல் சட்டையை எடுத்து வந்தாள். மெல்லிய வெள்ளைச் சட்டை. அதன் முதுகில் கருநீலத்தில் தடிமனாக அச்சடித்த ஆக்டோபஸ் படம். அவன் முதுகுக்கு நேராகப் பிடித்தாள். தலைக்குத் தலை, காலுக்குக் கால் பொருந்தியது.

"கழட்டியிருந்தா முதுகு முழுக்கச் சிவந்திருக்கும். படம் இருந்த இடம் மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

அம்மா சட்டையையும் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆனாலும் வக்கீல் வக்கீல்தான்.

"படம் காப்பாத்துச்சு, சரி. மிச்சத் துணி ஏன் காப்பாத்தல?"

வழக்கு பாதியில் தொங்கியது.

குருவி அந்த ஈரச் சட்டையோடு ஜன்னல் பக்கம் போனாள். உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். அட! ஐந்து விரலும் பளிச்சென்று தெரிந்தன. அலமாரியிலிருந்த அதேபோன்ற காய்ந்த சட்டையில் பார்த்தாள். விரல்கள் மங்கல்தான். அதை இழுத்துப் பிடித்தாள். நூல்கள் விலகி, நடுவே பொடிப்பொடியாக ஓட்டைகள்.

"புரிஞ்சுபோச்சு! தோலைச் சுடறது புற ஊதாக் கதிர். அது நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா மெல்லிசு வெள்ளைத் துணி நனைஞ்சா உள்ள ஜாஸ்தி புகுந்துடும். இழுபட்டா இன்னும் சுலபம். இது போன வருஷத்துச் சட்டை. தம்பி வளர்ந்துட்டான், சட்டை வளரல."

"அப்ப எந்தத் துணிதான் தடுக்கும்?" என்று கேட்டாள் அம்மா. குரலில் இப்போது காரம் இல்லை.

"நெருக்கமா நெய்தது. அடர்த்தியான கலர்."

மறு நிமிடம் அலமாரி தலைகீழானது. வலைபோன்ற விளையாட்டுச் சட்டை தோற்றது. மஞ்சள் பனியனும் தோற்றது.

"இதுல ஒரு விரல்கூடத் தெரியலக்கா!" என்று தவளை கறுப்பாக எதையோ தூக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், அது என் கோர்ட் கோட்டுடா!"

"அதைப் போட்டுக் குளத்துல இறங்கினா நேரா அடிக்குத்தான் போவ" என்றாள் குருவி.

பிறகு தன் பையைத் திறந்தாள். பிறந்தநாளுக்கு வந்த முழுக்கை நீச்சல் சட்டை. கருநீலம். ஒரு தடவைதான் போட்டிருந்தாள். நனைத்தாள், இழுத்தாள், கையை விட்டாள். விரல்களைக் காணோம்.

"நீயே போட்டுக்கோ. உனக்குக் கொஞ்சம் பெருசு, அதனால இழுபடாது. என் வகுப்பு வெயில் இறங்கினப்புறம்தானே, நான் பழசைப் போட்டுக்கறேன்."

அம்மா தவளையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது உண்மைடா. விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். சனிக்கிழமை நீச்சல் உண்டு."

"அது சரி. உனக்குத் தண்டனை?"

"என்ன தண்டனை?"

தவளை யோசித்தான். அம்மாவுக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் என்றாலே நடுக்கம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை. கருநீலச் சட்டையோடு ஆழமான பக்கத்தில் நீந்தி முடித்த தவளை, ஆழமில்லாத பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே சுவரை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள், எந்த நீதிபதிக்கும் பயப்படாத அம்மா.

"பயப்படாதீங்க, வக்கீலம்மா" என்றான் தவளை. "முதல்ல ஒரு கையை விடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."