நாலாவது தட்டு

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பள்ளத் தெருவுக்குப் போகிற குழாயை யாரோ தட்டினார்கள். மூன்று முறை.

பம்பு அறையில் இருந்த பம்புக்காரன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி விழுந்தது. தட்டுவது வழக்கம்தான், காலைத் தண்ணீர் மேட்டுக் குலத்துக்கு முடிந்ததும் பள்ளத்துக் குலத்தார் கல்லால் மூன்று தட்டு தட்டுவார்கள், இவன் ஸ்பேனரால் ஒரு தட்டு பதில் கொடுத்துவிட்டு அவர்கள் பக்கத்து வால்வைத் திறப்பான். ஆனால் ஏரி வற்றியதும் இவனுடைய மேட்டுக் குலத்தார் அதைத் திறக்கவிடவில்லை. மூன்று நாள் தட்டிப் பார்த்துவிட்டு நேற்று பள்ளத்தார் நேரில் கேட்க வந்தார்கள். இன்று விடிவதற்குள் பள்ளமே எரிந்துவிட்டது. கிரீஸ் நாற்றத்தையும் மீறி அந்தக் கருகல் வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏரியைக் குடித்தவன் எவன்? மலையடியில் இரவு பகலாக உறிஞ்சும் பாட்டில் தண்ணீர் கம்பெனி. அதன் வேலிமேல் ஒருவனாவது ஒரு கல் எறிந்தானா? அவன் விட்ட மிச்சத்துக்குப் பக்கத்துத் தெருக்காரன் கழுத்தை அறுக்கத்தான் இந்தச் சூரப்புலிகளுக்குத் தெரியும். இவன் மட்டும் யோக்கியமா? மூன்று நாளும் கேட்டும் கேளாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தவன்தானே.

மறுபடியும் மூன்று தட்டு. பிறகு, மெதுவாக, நாலாவது.

பள்ளத்தில் வாழ்க்கைப்பட்ட நாள் முதல், "அண்ணே, நான்தான்" என்று சொல்ல அவன் தங்கச்சி சேர்க்கிற தட்டு அது.

வெளிக்குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் ஓடினான்.

"அண்ணே, தங்கச்சி உயிரோட இருக்கா! தட்டுறா!"

அண்ணன் திரும்பவில்லை. அரை மணி நேரமாகக் கழுவுகிறான்.

"அங்க யாரும் மிச்சமில்லடா."

"நாலு தட்டு கேட்டுச்சுண்ணே!"

"அவ புருஷனுக்குக் குறுக்க வந்து விழுந்தா. நான் கைய நிறுத்தல."

பம்புக்காரன் உள்ளே ஓடி, ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டிவிட்டு வால்வைத் திருகினான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

தண்ணீர் போகவில்லை. தட்டல்தான் வந்தது. ஒரு கல் இல்லை. நூறு கல். குழாய்க்குள்ளே. பக்கத்தில். இன்னும் பக்கத்தில்.

வால்வை மூடப் பார்த்தான். நகரவில்லை.

மேட்டுத் தெருவுக்குப் போகிற குழாய் அதிர்ந்தது. முதல் வீடு. அடுத்த வீடு. எங்கோ ஒரு பெண் வீறிட்டாள்.

வெளிக்குழாயில் தண்ணீர் வருவது நின்றுபோயிருந்தது. அண்ணன் ஏந்திய கையோடு அசையாமல் நின்றான். குழாய்க்குள் மூன்று தட்டு.

அதன் வாயிலிருந்து கருகிய விரல் ஒன்று நீண்டு, அண்ணனின் உள்ளங்கையில், மெதுவாக, நாலாவதைத் தட்டியது.