ஆறு மணித் திசை

வாக்கி டாக்கியிலிருந்து வாய் நாற்றம் வந்தது.

பிளாஸ்டிக் சூடேறிய வாடை என்றுதான் ஸ்ரீவத்சன் முதலில் நினைத்தான். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். இல்லை. நெடுநேரம் மூடிக்கிடந்து அப்போதுதான் திறந்த, பல் தேய்க்காத வாயின் நாற்றம்; அதற்கு அடியில், மழை பெய்து ஓய்ந்தால் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்குமே செத்த மீன், அந்த வீச்சம். பேசும் துளைகளில் ஏதோ பிசுபிசுத்தது. சட்டையில் துடைத்தான். துடைத்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

கால் சென்டரிலும் இப்படித்தான். முந்தின ஷிஃப்டில் எவனோ எச்சில் தெறிக்கப் பேசிவிட்டுக் கழற்றிப் போன ஹெட்செட்டை இவன் மாட்டிக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் ராத்திரி ராத்திரியாக அடுத்தவன் எச்சிலை முகர்ந்துகொண்டு, யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் "புரியுது மேடம்" என்று திருப்பிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு விடியற்காலை பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு போகவில்லை. இப்போது சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸுக்குப் படிக்கிறான். திங்கட்கிழமை ரேடியோ பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை தவறியாயிற்று. இந்த முறையும் தவறினால் மறுபடி ஹெட்செட்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் கூடுவாஞ்சேரியில் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தார்கள். கீழே சமையலறையில் தங்கை சின்மயி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடும் சத்தம் சுவர் வழியாக மொட்டை மாடி அறைவரை ஏறி வந்தது. பொம்மைக் கடையில் வாங்கிய வாக்கி டாக்கி ஜோடியில் ஒன்று அவளிடம், ஒன்று இவனிடம். அவள்தான் டவர், விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறை. கோச்சிங் வகுப்பில் டேனியல் சார் கொடுத்த தாளைப் பார்த்து அவள் வாசிக்க, இவன் பைலட்டாகப் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்ச் சுவரில் அவன் வரைந்து ஒட்டிய வான்வெளி வரைபடம். மீனம்பாக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றி இன்னொன்று. வீடும் ஏரியும் இரண்டுக்கும் உள்ளே. அந்த வட்டங்களுக்குள் யாரும் அனுமதி வாங்காமல் நுழையக் கூடாது.

ரேடியோ கரகரத்தது.

"பாப்பா லிமா. டிராஃபிக். ஆறு மணி, ரெண்டு மைல். ஏரிக்கு மேல. தெரியுதா?"

பாப்பா லிமா அவன் விமானத்தின் பெயர். திசையைக் கடிகாரத்தை வைத்துச் சொல்வார்கள். மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி. ஆறு மணி என்றால் முதுகுப்பக்கம். அவன் முதுகுக்குப் பின்னால் ஏரியைப் பார்த்த ஜன்னல் இருந்தது. திரும்பவில்லை.

"டிராஃபிக் இன் சைட், பாப்பா லிமா" என்றான்.

டவர் சொன்ன மற்ற விமானம் கண்ணில் பட்டுவிட்டது என்று அர்த்தம். பார்க்காமலே அதைச் சொல்லிவிடும் வியாதி அவனுக்கு. போன வாரம்கூட வகுப்பில் எல்லார் முன்னாலும் டேனியல் சார் கிழித்தார். "தெரிஞ்சா மட்டும் தெரியுதுன்னு சொல்லுடா. நீ சொன்ன அடுத்த செகண்டே டவர் கைய கழுவிடும். அப்புறம் அது வந்து உன் மடியில உக்காந்தாலும் உன் பாடு. இது இன்னா கால் சென்டரா?"

"இன்னும் கிட்ட வருது," என்றது ரேடியோ. "இறங்குது. ஆறு மணி, நூறு அடி. தெரியுதா?"

இது தாளில் இல்லை. குரலும் குழைந்து கிடந்தது. வாய் நிறையத் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டு பேசுகிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் சத்தம் கேட்டது.

"தெரியுது, தெரியுது. முழுங்கிட்டுப் பேசுடி. அருவருப்பா இருக்கு."

"அருவருப்பா இருக்கு," என்று திருப்பிச் சொன்னது ரேடியோ.

சிரித்தான். திருப்பிச் சொல்ல வேண்டியது பைலட். டவர் இல்லை. மக்கு.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மழை விட்டதிலிருந்து ஏரியில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எல்லாம், யாரோ ஒரே கையால் வாயைப் பொத்தியதுபோல, சேர்ந்தாற்போல் நின்றன. வீச்சம் இப்போது ரேடியோவிலிருந்து மட்டும் வரவில்லை. ஜன்னல் பக்கமிருந்தும் வந்தது. கொசுவலையில் ஈரத்துணியை அழுத்தித் தேய்ப்பதுபோல் ஒரு ஒலி.

"ஆறு மணி. பத்து அடி. தெரியுதா?"

"டிராஃபிக் இன் சைட்." வாய் தானாகச் சொன்னது.

கீழே கிரைண்டர் நின்றது.

"அண்ணா!" சமையலறையிலிருந்து சின்மயி கத்தினாள். தெளிவான குரல். வாயில் எதுவும் இல்லாத குரல். "என் வாக்கி டாக்கிக்குப் பேட்டரி இப்பதான் கெடச்சுது, ஃப்ரிட்ஜ் மேல இருந்துருக்கு. காபி எடுத்துண்டு வரேன், அப்புறம் ஆரம்பிக்கலாம். பாலாடைய எடுத்துட்டேன், ஓங்கரிக்காத."

ஸ்ரீவத்சனின் கையில் ரேடியோ மூச்சு விட்டது.

திரும்பினான்.

கொசுவலை கிழிந்து உள்ளே தொங்கியது. ஜன்னலில் யாருமில்லை. ஜன்னல் கட்டையிலிருந்து சுவர் வழியே தரைக்கு ஒரு ஈரத்தடம் இறங்கியிருந்தது. பாய் அகலம். சளிபோல மினுங்கியது. அதில் ஏரிப்பாசி, மீன் செதில், யாருடையதோ நீள முடி. தடம் அவன் நாற்காலிக்கு அடியில் போயிற்று. அவன் இரண்டு பாதங்களுக்கும் நடுவே. அங்கிருந்து கதவுக்கு. கதவைத் தாண்டி மாடிப்படிக்கு.

அவனைக் கடந்து போய்விட்டது.

"பன்னெண்டு மணி," என்றது ரேடியோ. "படியில. ஒண்ணு ஏறுது. ஒண்ணு இறங்குது."

"சின்மயி! வராத! மேல வராத!"

"ஏன்? சிகரெட்டா? அப்பா கிட்ட சொல்லட்டா?" சிரித்துக்கொண்டே ஏறினாள். கொலுசு. செருப்பு. கரண்டி டம்ளரில் இடிக்கும் சத்தம்.

எழ முயன்றான். பாதங்கள் அந்தச் சளியில் தரையோடு ஒட்டியிருந்தன.

"சின்மயி, ஓடு!"

கொலுசு நின்றது.

டம்ளர் விழவில்லை. அலறல் இல்லை. ஈரமான எதையோ முழுதாக விழுங்கும் ஒலி மட்டும். ஒரே ஒரு தடவை.

"ரெண்டும் ஒண்ணாச்சு," என்றது ரேடியோ. பிறகு வெறும் இரைச்சல்.

கொலுசு மறுபடி ஏறியது. மெதுவாக.

வாசலில் சின்மயி நின்றாள். கையில் காபி. ஒரு சொட்டு சிந்தவில்லை. மேலே தடித்த ஆடை. தலைமுடி தோளோடு ஒட்டி, நுனியிலிருந்து பாசி வடிந்தது.

"சின்மயி?"

"சின்மயி," என்றாள். அந்த நாற்றம் அறைக்குள் வந்தது.

"யாரு நீ?"

"யாரு நீ."

"கீழ போ."

"கீழ போ." ஒரு எழுத்து பிசகவில்லை. ஒரு அடி உள்ளே வைத்தாள். விரலால் ஆடையை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். உதடு மூடவில்லை. உள்ளே, பல்லுக்குப் பின்னால், மீன்குஞ்சுகள் துள்ளின.

ரேடியோ இல்லாத கையால் அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இனி ஒரு வார்த்தை பேச மாட்டான்.

ரேடியோவில் இரைச்சல் விலகியது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல். தெளிவான குரல். அழுகிற குரல்.

"அண்ணா... ரொம்ப இருட்டா இருக்கு. எங்கண்ணா இருக்க? நான் உனக்குத் தெரியறேனா?"

வாசலில் நின்றது அவனருகே வந்து குனிந்தது. ரேடியோவைப் பிடித்திருந்த அவன் விரல்களின் மேல் தன் ஈர விரல்களை வைத்துப் பேசும் பொத்தானை அழுத்தியது. ஒலித் துளைகளின் மேல் வாயைப் பொருத்தியது. அவனுடைய குரலில், அவன் எப்போதும் சொல்லும் அதே வேகத்தில், பதில் சொன்னது.

"டிராஃபிக் இன் சைட்."