திருப்பிப் போட்ட குளம்

நீச்சல் உடைகள் தயாராகிவிட்டன. குளம்தான் இல்லை.

அப்பா தையல்காரர். எந்த வேலையையும் துணியிலிருந்துதான் ஆரம்பிப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டலாம் என்று முடிவானதும், அவர் முதலில் எடுத்தது மண்வெட்டியை அல்ல. அளவு நாடாவை.

மகளுக்கு நீலத்தில் ஒன்று தைத்தார். மகனுக்குச் சிவப்பில். மகள் ஒல்லி, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் ஊசி. தம்பி உருண்டை, அதனால் பட்டன்.

அம்மாவுக்கும் ஒன்று தைத்தார். அம்மா அதை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

"நான் எதுக்குத் தண்ணில இறங்கப்போறேன்? கரையில உக்காந்து உங்களப் பாத்துக்கறேன்."

அம்மாவின் தம்பி, அதாவது மாமா, தனக்கு எதுவும் தைக்க வேண்டாம் என்றார்.

"எனக்கு நீச்சல் ரத்தத்துலயே இருக்கு அத்தான். பழைய கால்சட்டை போதும். நான் குதிச்சா தண்ணி தானா வழி விடும்."

"நீ குதிச்சா தண்ணி வெளியே போயிடும்டா" என்றாள் அம்மா.

பிறகு திட்டம் போட்டார்கள்.

வீட்டின் பின்சுவரில் ஒரு கோடியில் சமையலறைக் கதவு. மறு கோடியில் தையல் அறையின் ஜன்னல். சுவரை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குளம். சமையலறைக் கதவுப் பக்கம் அகலமாக, ஆழம் இல்லாமல், இறங்கப் படிகளோடு இருக்கும். பட்டன் அங்கே விளையாடலாம். ஜன்னல் பக்கம் குறுகலாக, ஆழமாக இருக்கும். மாமா அங்கே குதிக்கலாம்.

அப்பா பழைய செய்தித்தாள்களை ஒட்டி, குளத்தின் உருவத்தைப் பெரிய கத்தரியால் வெட்டினார். ஒரு கோடியில் நீலச் சாக்குக்கட்டியால் 'படி' என்று எழுதினார். மறு கோடியில் 'ஆழம்'.

கொத்தனார் வந்து பார்த்தார்.

"என்ன மாஸ்டர், வரைபடம் கேட்டா வண்டி வண்டியா பேப்பர் கொண்டு வர்றீங்க?"

"இதுதாங்க வரைபடம். தரையில விரிச்சு, சுத்திக் கோடு போட்டு, வெட்டிட வேண்டியதுதான். அகலமான பக்கம் படி. குறுகின பக்கம் ஆழம்."

"தையலுக்கு இடம் விடணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொத்தனார் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "எல்லாப் பக்கமும் அரை அடி விடுங்க. சுவர் எழுப்பணுமில்ல?"

அன்று காற்று பலமாக அடித்தது. காகிதக் குளம் பறக்கப் பார்த்தது. ஊசி ஒரு ஓரத்தைப் பிடித்தாள், மாமா ஒரு ஓரத்தைப் பிடித்தார். பட்டன் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கொத்தனார் அதைச் சுற்றி வெள்ளைப் பொடியால் கோடு போட்டார்.

"நான் நீந்தறேன்!" என்று பட்டன் காகிதத்தின்மேல் குப்புறப் படுத்துக் கையைக் காலை ஆட்டினான்.

கொத்தனார் ஆட்களோடு தோண்ட ஆரம்பித்தார். ஒரே புழுதி. அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டுப் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர நேரமில்லை.

மாலையில் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அம்மா சமையலறைக் கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். வைத்த காலை உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க! இங்க வாங்க!"

அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தார்.

கதவுக்கு வெளியே ஓரடி தரை. அதை அடுத்து, கிணறு மாதிரி ஆழம். அகலமான பக்கம், படி வெட்டிய பக்கம், தொலைவில் தையல் அறை ஜன்னலுக்கு முன்னால் இருந்தது.

"குளம் திரும்பிடுச்சு" என்றார் அப்பா மெதுவாக.

ஊசி மூலையில் கிடந்த காகிதத்தை எடுத்து வந்தாள். அதன் ஒரு பக்கத்தில் 'படி', 'ஆழம்' என்ற நீல எழுத்துகள். மறுபக்கத்தில் நடுவில் பெரிய விமானப் படம்.

பட்டன் படத்தில் விரல் வைத்தான். "நான் இந்த விமானத்து மேலதான் உக்காந்தேன்!"

அப்படியானால் எழுத்துகள் அடியில் இருந்திருக்கின்றன.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். துணியில் கோடு போடுவதென்றால் அவர் எப்போதும் உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத்தான் போடுவார். சட்டையின் வெளிப்பக்கத்தில் கோடு தெரியக்கூடாது. காகிதம் விரிக்கும்போதும் கை அதன் பழக்கத்தில் திருப்பிவிட்டது. அகலமான கோடி ஜன்னல் பக்கம் போய்விட்டது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தான், பூமிக்கும் உள்பக்கத்துல கோடு போட்டுட்டீங்களே!"

அம்மா சிரிக்கவில்லை. பட்டனின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"இவன் இந்தக் கதவு வழியா ஓடிட்டே இருப்பான். கதவத் தாண்டினா ஆழம். வேண்டாங்க. காலையில கொத்தனார் வந்ததும் மூடச் சொல்லுங்க."

"கதவப் பூட்டி வச்சா?" என்றாள் ஊசி.

"ஒரு நாள் மறந்துட்டா?"

அம்மா மேல்தாழ்ப்பாளைப் போட்டாள்.

அன்றைக்கு அப்பாவின் மெஷின் ஓடவில்லை. நீல உடையையும் சிவப்பு உடையையும் யார் கண்ணிலும் படாமல் எடுத்து அலமாரியில் வைத்தார். ஆனால் ஊசியின் கண்ணில் பட்டுவிட்டது.

காலையில் கொத்தனார் பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இந்தப் பக்கத்த மண் போட்டு நிரப்பிட்டு, அந்தப் பக்கம் ஆழமாத் தோண்டலாமா?" என்று அப்பா கேட்டார்.

"நிரப்பின மண்ணு உக்காரும் மாஸ்டர். மேல போட்ட தரை விரிசல் விடும். தண்ணி நிக்காது."

"அப்ப?"

"இப்படியே கட்டணும். இல்ல, மொத்தமா மூடணும். யோசிச்சுச் சொல்லுங்க. நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அப்பா தையல் அறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு சட்டையைத் தைத்து முடித்து உதறினார். பாக்கெட் வலது பக்கத்தில் இருந்தது.

வாசலில் நின்றிருந்த மாமா பார்த்துவிட்டார். "போச்சு! சட்டையும் திரும்பிடுச்சா?"

அப்பா பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். "சட்டைக்கு ஒண்ணும் ஆகல. பாக்கெட்டப் பிரிச்சு அந்தப் பக்கம் வச்சாப் போதும்."

தரையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த ஊசி நிமிர்ந்தாள். சட்டையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். நூல்கண்டைப் போட்டுவிட்டு, நீலச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, தாழ்ப்பாள் போட்ட கதவில் பெரிய சதுரம் வரைந்தாள். நடுவில் கம்பிகள் வரைந்தாள்.

"கதவுல என்னடி கிறுக்கற?" என்றாள் அம்மா.

"ஜன்னல்மா."

அதே வேகத்தில் தையல் அறைக்குத் திரும்பினாள். ஜன்னலின் இரு ஓரங்களிலிருந்தும் தரைவரை கோடு இழுத்தாள். ஒரு கைப்பிடியும் வரைந்தாள்.

அம்மா கரண்டியோடு பின்னாலேயே வந்தாள். "இது என்ன?"

"இது கதவு."

பட்டன் நேராகப் போய் அந்தச் சுவரைத் தட்டினான். "கதவத் தெற! நான் வெளிய போகணும்!"

ஊசி மூச்சு வாங்கினாள். "அப்பா, குளம் நல்லாத்தான் இருக்கு. கதவுதான் தப்பான பக்கம் இருக்கு. பாக்கெட் மாதிரி பிரிச்சு இந்தப் பக்கம் வச்சிடலாம். ஜன்னல் அந்தப் பக்கம் போயிடட்டும்."

அப்பாவின் கை நின்றது.

"படிக்கு நேரா கதவு வந்துடும்" என்றாள் ஊசி. "அதோட, சமையலறையில எப்பவும் ஆள் இருக்கறதில்ல. இங்க நீங்க இருப்பீங்க. உங்களத் தாண்டி பட்டன் எப்படிப் போவான்?"

"பறந்து போவேன்" என்றான் பட்டன்.

அப்பா நாடாவை உருவினார். ஜன்னலை அளந்தார். சமையலறைக்கு ஓடிக் கதவை அளந்தார். அங்கிருந்தே கத்தினார்.

"ரெண்டும் ஒரே அகலம்!"

டீ குடித்துவிட்டு வந்த கொத்தனார் இரண்டு ஓவியங்களையும் பார்த்தார்.

"யாரு போட்ட வரைபடம்?"

"நான்தான்" என்றாள் ஊசி.

"நேர் பக்கமா, உள்பக்கமா?"

"நேர் பக்கம்!"

"அப்ப நம்பலாம்" என்றார் கொத்தனார். "ஜன்னலுக்குக் கீழ சுவர இடிச்சா வாசல் வந்துடும். கதவு இருந்த இடத்துல பாதி உயரத்துக்குச் சுவர் எழுப்பினா ஜன்னல். பெரிய வேலை இல்ல."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா சமையலறைக்குப் போய் நீலச் சதுரத்தின் முன்னால் நின்றாள். பட்டன் வெளியே ஓடிக்கொண்டே இருப்பான் என்று எப்போதும் சாத்தி வைக்கும் கதவு அது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அங்கே சமைப்பாள்.

"இங்க வெளிச்சம் வருமா?"

"கொட்டும்மா" என்றாள் ஊசி.

"கம்பி நெருக்கமா இருக்கணும். கதவுக்குத் தாழ்ப்பாள் உயரத்துல இருக்கணும். அப்பன்னா சரி."

அப்பாவுக்கு மட்டும் ஒரு கவலை மிச்சம் இருந்தது. "ஈரக் காலோட துணி மேல எல்லாம் ஓடுவீங்களே?"

ஊசி அதை யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"துடைச்சிட்டுத்தான் உள்ள வரணும். துடைக்காம வந்தா, உக்காந்து சீருடைக்குப் பட்டன் தைக்கணும்."

"என்னைத் தைக்காதே!" என்று பட்டன் ஓடினான்.

அப்பா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

கதவு ஜன்னலானது. ஜன்னல் கதவானது. குளத்துக்குச் சுவர் எழும்பியது. கொத்தனார் பூசினார், ஓடு பதித்தார். பட்டன் நாள்தோறும் வந்து, "தண்ணி எங்க?" என்று கேட்டான். "குழாய்ல இருக்கு" என்று கொத்தனார் நாள்தோறும் பதில் சொன்னார்.

கடைசியில் ஒரு நாள் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் முதலில் ஆழத்தில் விழுந்து, சுவரில் ஏறி, மெல்லப் படியைத் தொட்டது. அப்பா சுவரில் கோடு போட்டு வைத்தார். மறுநாள் பார்த்தபோது தண்ணீர் அதே கோட்டில் நின்றது. ஒழுகவில்லை.

நீல உடையும் சிவப்பு உடையும் வெளியே வந்தன.

மாமா ஆழமான பக்கத்தில் நின்று கைகளை உயர்த்தினார். "எல்லாரும் பாத்துக்குங்க. இதுதான் நீச்சல்."

குதித்தார். வயிறு முதலில் விழுந்தது. தண்ணீர் எழும்பி, புது ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் போனது.

"நான் சொன்னேனா இல்லையா!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

அதன் பிறகு ஜன்னலில் அம்மாவைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் தையல் அறைக் கதவு திறந்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த உடையைப் போட்டுக்கொண்டு அம்மா வந்தாள். யாரையும் பார்க்காமல் படியில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

"அளவு சரியா இருக்கு" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு.

பட்டன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கால்களை உதைத்தான். ஊசி ஒரு கோடிக்கும் மறுகோடிக்குமாக நீந்தினாள்.

அப்பா கடைசியாக வந்தார். தனக்கென்று தைத்த நீச்சல் உடையை அவசரத்தில் மாட்டியிருந்தார். தையல், மடிப்பு, தொங்கும் நூல் எல்லாம் வெளியே தெரிந்தன.

"அப்பா!" என்று ஊசி கத்தினாள். "உள்பக்கம் வெளியே இருக்கு!"

அப்பா குனிந்து பார்த்தார். குளத்தைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"குளத்துக்குப் பொருத்தமாத் தைச்சது" என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.