ஒலித்தரம்: மிக உயர்வு

பாட்டு முடிந்த பிறகும் ஒரு மூச்சு மிச்சமிருந்தது.

பெரியவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தங்கை இதே அறையில் துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்த பாட்டு. அவளுக்குத் தெரியாமல் போனில் பிடித்து வைத்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் சமையலறைத் தீயில் வெந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர் கேட்டு அரற்றியே சின்னவள் போய்ச் சேர்ந்தாள். பார்த்தால் தாங்கமாட்டாய் என்று பெரியவளை உள்ளே விடவேயில்லை.

வெளியே சாயங்கால மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்து, எதிர்வீட்டு விளக்கைக் கரைத்துக் கரைத்து அறைச் சுவரில் பூசிக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டில் இந்த மூச்சு மட்டும் எங்கிருந்து வந்தது? செயலியின் செட்டிங்ஸைத் திறந்தாள். ஒலித்தரம் 'குறைவு' என்றிருந்தது. அவள் அப்படி வைத்ததில்லை.

'நடுத்தரம்' என்று மாற்றினாள். துணியின் சரசரப்பு, வளையல் உரசல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாம் பாட்டுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. வேலையிலிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"பாட்டோட தரத்தை நீங்களா குறைச்சு வச்சீங்க?"

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆமா. ஒரு தடவை கூட்டிக் கேட்டேன். வேணாம். நான் வர்ற வரைக்கும் தொடாத."

"அப்படி என்ன கேட்டுச்சு?"

"உன் தங்கச்சிதான். வச்சுடும்மா, சொல்றேன்ல."

தங்கச்சிதான். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. 'உயர்வு' என்பதைத் தொட்டாள்.

பாட்டு பாதியில் நின்றது.

"அக்கா."

பெரியவள் போனை வாயருகே கொண்டுபோனாள். "இங்கதான்டி இருக்கேன்."

"குறைச்சிடுக்கா. நீ கூட்டக் கூட்ட எனக்கு உடம்பு திரும்பி வருது. எரியுது."

குறைத்தால் அடங்கிவிடும். குறைத்தால் இந்தக் குரலும் போய்விடும். விரல் திரையின் மேலேயே நின்றது. இன்னும் ஒரே ஒரு தடவை அக்கா என்று கூப்பிடட்டும், அப்புறம் குறைத்துவிடலாம்.

'மிக உயர்வு.'

அலறல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அலறல் நிற்கவில்லை. கருகிய மயிரின் நாற்றம். முதுகுக்குப் பின்னால் கட்டில் முனகியது. திரும்பினாள்.

விரிப்பு நனைந்திருந்தது. அதில் ஒட்டிக்கொண்டு ஓர் உருவம். இமை இல்லை. உதடு இல்லை. பல் மட்டும்.

"தண்ணி."

போனைப் பொறுக்கி அழுத்தினாள். 'குறைவு.' கீழே கிடந்த ஹெட்போனில் பாட்டு மெலிந்து போனது. கட்டிலில் ஒன்றும் மெலியவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி.

"அக்கா, இப்ப சாகவும் முடியலக்கா."

கை நீண்டது. பெரியவள் பிடித்தாள்.

பிடித்த இடத்திலிருந்து தோல் மட்டும், கையுறை கழல்வதுபோல, அவள் கையோடு வந்தது. விரல்கள் இன்னும் அவளை நோக்கி நீண்டுகொண்டிருந்தன.