தங்கையைத் தின்ற செல்கள்

குடுவையில் இருந்த சிவப்புத் திரவம் மஞ்சளாகியிருந்தது. செல்கள் செத்திருந்தால் நிறம் மாறியிருக்காது. மஞ்சளானால் உள்ளே இருப்பவை தின்று பெருகுகின்றன என்று பொருள். நேற்றுதான் அவற்றைச் சுட்டு, பட்டினி போட்டு, நஞ்சும் ஊற்றியிருந்தாள். எந்நேரமும் முனகும் குளிர்பெட்டியும், மூக்கை அரிக்கும் ஸ்பிரிட் நெடியும் பழகிப்போன அந்த ஆய்வகத்தில், பட்டப்பகலில், அவள் குடுவையை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

அவை அவள் தங்கையின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைத் தங்கை. எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தாள். ஆய்வுக்கு என்று சொல்லித்தான் இவள் கேட்டு வாங்கினாள். ஆய்வாவது மண்ணாவது! அணு அணுவாகச் சாகட்டும் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டாள்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். தடித்த கண்ணாடியால் எல்லோருக்கும் அவள் சோடாபுட்டி.

"அடிப்பாவி, இப்படியா சுடுவாங்க? தாங்க முடியாத சூடு பட்டாத்தான் செல் தன்னையே முடிச்சுக்கும். லேசா சுட்டா உஷாராயி, உள்ளுக்குள்ள காப்புப் புரதம் சேர்த்து வெச்சுக்கும். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் சாகாது."

"அதுங்களுக்கு வலிக்கணும்க்கா. என் தங்கச்சியத் தின்னதுங்க."

"வலியா? பாடம்டி. நீதான் வாத்தியார். இன்னைக்கே கொட்டித் தொலை."

கொட்டுவதற்காகச் செல்களைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தாள். ஆத்திரத்தில் ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போனாள். புதிதாக வருபவர்களை அதற்காகவே இவள் திட்டுவாள். விரலில் சுருக்கென்றது.

வேறு யார் உடம்பாக இருந்தாலும் அந்நியச் செல்லை அடித்து விரட்டியிருக்கும். இவள் உடம்புக்கு அது அந்நியமில்லை. சொந்த ரத்தம்.

சில வாரங்களில் விரலில் ஒரு புடைப்பு. விரலோடு எடுத்துவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, காலையில் வா என்றார் மருத்துவர். காலை வரை அதை உடம்பில் வைத்திருப்பதா? அவளையும் தின்று, என்னையுமா?

சமையலறையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"செத்துப் போ, சனியனே."

கையை முக்கினாள். ஆவி. வெந்த வாடை. பல்லைக் கடித்தாள்.

"அடுப்புல என்னம்மா?" உள்ளறையிலிருந்து அம்மா.

வெளியே எடுத்தாள். தோல் வெளுத்துத் தொங்கியது. நகங்கள் கழன்றன. விரல்கள் எதையும் உணரவில்லை.

புடைப்பு மட்டும் வேகவில்லை. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, வெந்த சதையைத் தள்ளிக்கொண்டு மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது.