கீறலை மேலே வைத்த ஜீவிதா

எங்கள் தெருவில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நானாகத் தேடிப் போவதில்லை. காது தானாகப் போகிறது.

அந்தச் சனிக்கிழமை செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கடைவீதிக்குப் போனேன். பழைய வீடியோ கேம்களும் வாங்கி விற்கிற கடை அது. அங்கே அடுத்த வீட்டு ஜீவிதா நின்றாள். ஆறாம் வகுப்பு. கையில் கார் பந்தய சிடி.

எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்கா தெரியாது? அவர்கள் வீட்டில் பைக் பந்தய சிடி இன்னொன்று உண்டு, ஆனால் ஒரே ஒரு கன்ட்ரோலர். அக்கா விளையாடுவாள், தம்பி பாண்டியராஜ் வாயைப் பிளந்து பார்ப்பான். நாளைக்கு அவனுக்குப் பிறந்தநாள். கடையில் பழைய கன்ட்ரோலர் ஒன்று எழுநூறு ரூபாய்க்குத் தொங்கியது.

“சிடிக்கு இருநூறு தாரேன் பாப்பா,” என்றார் கடைக்காரர் பிராங்கிளின்.

“போன மாசம் என் கால்பந்து சிடியை நூத்தம்பதுக்கு வாங்கினீங்க. இப்ப அங்க அறுநூறுன்னு நிக்குதேண்ணே?”

“அது வேற சிடி.”

“அட்டையில இருக்கிறவருக்கு மீசை வரைஞ்சது என் தம்பிண்ணே!”

நான் இருமினேன். சிரிப்பை வேறு எப்படி மறைப்பது?

“நீங்க வாங்கவே வேணாம்,” என்றாள் ஜீவிதா. “ஒட்டன்சத்திரம் மண்டியில எங்கப்பாவோட தக்காளியை வித்துக் குடுப்பாங்கல்ல, அப்படி வித்துக் குடுங்க. நூத்துக்குப் பத்து கமிஷன். விக்கலேன்னா நானே எடுத்துட்டுப் போறேன்.”

“இது கடையா, காய்கறி மார்க்கெட்டா?” என்றார் பிராங்கிளின். கைக்காசு போடாமல் வருகிற கமிஷன் கசக்குமா? “சரி, வை. எம்புட்டு?”

“எண்ணூறு.”

விலைக்குக் கீழே அவள் இன்னொன்றும் எழுதி ஒட்டினாள்: ‘பின்னால் ஒரு கீறல் உண்டு. மூன்றாவது பந்தயத்தில் ஒரு நொடி நின்று ஓடும்.’

பிராங்கிளின் தலையில் கை வைத்தார். “குறையை யாராச்சும் மேல எழுதுவாகளா?”

“எங்கப்பா அடிபட்ட தக்காளியைப் பெட்டிக்கு மேலதான் வைப்பாரு. அவரு பெட்டியில யாருமே அடியில கைவிட்டுப் பாக்க மாட்டாங்க.”

கண்ணாடி ஒட்டி முடித்தாயிற்று. நான் நகர்வேனா? “செத்த நேரம் வெயில் தாழட்டும்,” என்று உட்கார்ந்துகொண்டேன்.

மகளுக்கு கேம் வாங்க ஒருவர் வந்தார். மீசைக்காரர் சிடியை எடுத்தார், வைத்தார். ஜீவிதாவின் சிடியை எடுத்தார், படித்தார்.

“இது எரநூறு கம்மிண்ணே,” என்று பிராங்கிளின் மீசைக்காரரை நீட்டினார்.

“இதுல என்ன குறைன்னு தெரியுது. அதுல என்ன குறைன்னு தெரியலையே,” என்றார் வந்தவர். எண்ணூறை எண்ணி வைத்தார்.

கமிஷன் எண்பது போக எழுநூற்று இருபது. கன்ட்ரோலரைப் பையில் போட்டு, மீதி இருபதுக்கு முட்டாய் வாங்கப் போனாள் ஜீவிதா.

பிராங்கிளின் என்னிடம் திரும்பினார். “அக்கா, அந்தக் கண்ணாடி மூலையில ஒரு குமிழி இருக்கு. இருங்க, வேற ஒட்டித் தாரேன்.”

மறுநாள் அடுத்த வீட்டில் ஒரே கூச்சல். “அக்காவ முந்திட்டேன்! முந்திட்டேன்!”

நான் ஜன்னலோரம் போனது காற்றுக்காகத்தான். ஆனாலும் எண்ணிவிட்டேன்: அவன் அவளை மூன்று முறை முந்தினான்.